பொன் வேய்ந்த பாண்டியனும் புளியங்கொட்டைப் பசையும்

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே கொள்ளிடத்தைக் கடந்து சென்னைச் சாலையில் சற்றுத் தூரம் சென்றதும் வருகிற சமயபுரத்தை இன்று மாரியம்மனின் ஸ்தலமாகவே நாம் அறிகிறோம். ஆயினும், அந்த அம்மனின் பெயர் நாடெங்கும் பரவுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கண்ணனூர் என்ற பெயருடன் ஹொய்சள மன்னர்களின் தென்னாட்டுத் தலைநகராக அவ்வூர் விளங்கிற்று என்பதையும், வீர சோமேசுவரன் அங்கே எழுப்பிய போசளேசுவரம் என்ற சிவாலயம் போஜீசுவரன் கோயில் என்ற பெயரில் இன்னும் நிற்கிறது என்பதையும், தரிசனம் முடித்துப் பேருந்துக்கு விரையும் ஜனங்களில் சிலரே நினைப்பார்கள். 1251-ஆம் ஆண்டில் பட்டமெய்திய முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் இந்தக் கண்ணனூரின்மீது படையெடுத்து ஹொய்சளரை முறியடித்தான். சோமேசுவரனும் பின்னர் அவனோடு நிகழ்ந்த போரிலேயே மாண்டான். போரில் கிடைத்த திரவியத்தைப் பாண்டியன் ஸ்ரீரங்கத்துக்கு வாரி வழங்கினான் என்றும், அரங்கநாதரின் ஆலயத்துக்குப் பொன் வேய்ந்தான் என்றும், அதனால் ‘ஹேமாச்சாதன ராஜன்’ என்ற விருதைப் பெற்றான் என்றும் அறிகிறோம். காவிரியில் இரண்டு ஓடங்களை நிறுத்தி, ஒன்றில் யானைமீது தான் அமர்ந்து, மற்றொன்று அதே மட்டத்துக்கு அமிழும்வரை பொன்னை நிரப்பி அவன் துலாபாரம் செய்தான் என்று ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்றைக் கூறும் கோயில் ஒழுகு என்ற நூல் வர்ணிப்பதில் பக்தனின் மிகை எவ்வளவு, கணக்கனின் உண்மை எவ்வளவு என்று பிரிப்பது நமக்கு அவசியமில்லை.

சரித்திர ஆசிரியர்கள் அந்தப் பொன் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். எவ்வளவு வந்தது என்றும் கேட்டார்கள். வந்த பொன் எப்படி ஒட்டிக்கொண்டு நின்றது என்று கேட்டவர் அரிது. ஓர் உலோகத்தின்மேல் இன்னொரு பொருளைப் படியச் செய்து, வெயிலும் மழையும் தீண்டினாலும் அது உரிந்து விழாதபடி காப்பது, படையெடுப்பைவிடக் குறைந்த சாமர்த்தியத்தைக் கேட்கும் காரியம் அன்று. திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், சமயபுரம் ஆகிய மூன்று ஊர்களையும் சுற்றி வாழ்ந்த கன்னார்களும், ஈயம் பூசுவோரும், சித்திரக்காரர்களும், நம் காலத்தில் வெல்டிங் தொழிலாளரும் இந்த ஒரே காரியத்தையே வெவ்வேறு பெயர்களால் செய்து வந்திருக்கிறார்கள். அவர்களுடைய தொழில்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது புலப்படுவது என்னவென்றால், உலோகத்தோடு ஒட்டுவதாக நாம் நினைக்கும் பொருள் பெரும்பாலும் உலோகத்தோடு ஒட்டுவதில்லை. உலோகத்தின் மேல் படிந்துள்ள ஒரு மெல்லிய படலத்தோடுதான் அது உறவு கொள்கிறது.

செம்பில் களிம்பு எப்போது வந்தது என்ற வினாவுக்குச் சைவ சித்தாந்திகள், செம்பு உள்ளபோதே களிம்பும் உடனிருந்தது என்று விடை கூறி, ஆன்மாவோடு ஆணவ மலம் பிணைந்திருப்பதற்கு அதையே திருஷ்டாந்தமாகக் காட்டினார்கள். ரஸாயன சாஸ்திரம் அவர்களிடமிருந்து சிறிதளவே வேறுபடுகிறது. புதிதாகத் தேய்த்துப் பளபளக்கச் செய்த செம்பும், இரும்பும், அலுமினியமும் காற்றைக் கண்ட அந்தக் கணத்திலேயே ஆக்ஸிஜனோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடுப் படலம் ஒன்றைப் போர்த்துக்கொள்கின்றன. காற்றிலுள்ள ஈரம் அந்தப் படலத்தின்மேல் படிந்து, ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இணைந்த ஹைட்ராக்ஸில் தொகுதிகளை அதன் முகமெங்கும் விதைத்துவிடுகிறது. நாம் தொடுவது இந்த முகத்தைத்தான். வெள்ளியின் கதை சற்று வேறு. அதைக் கறுக்கச் செய்வது பெரும்பாலும் காற்றிலுள்ள கந்தக வாயுக்கள். பொன் ஒன்றே இந்த நியதிக்கு விலக்காக, ஆக்ஸிஜனையும் ஈரத்தையும் லட்சியம் செய்யாமல் வெறும் மேனியுடன் நிற்கிறது. அதன் மங்காத ஒளிக்குக் காரணமும் அதுவே, மற்றப் பொருள்கள் அதைப் பற்றுவதற்குப் பிடி கிடைக்காமல் வழுக்குவதற்குக் காரணமும் அதுவே.

ஆகவேதான் செம்பின்மேல் பொன்னைப் படியச் செய்த பழைய கைவினைஞர்கள் பாதரசத்தின் துணையை நாடினார்கள். செப்புத் தகட்டைப் புளியிட்டுத் துலக்கிக் களிம்பைப் போக்கி, அது மீண்டும் படிவதற்குள் ரசத்தைத் தடவினால், ரசம் செம்போடும் கலக்கும், மேலே வைக்கும் பொன் ரேக்கோடும் கலக்கும். பிறகு தகட்டைச் சூடேற்றினால், 357 பாகை செல்சியஸில் கொதிக்கும் பாதரசம் ஆவியாகிப் போய்விட, பொன் மட்டும் செம்பில் ஊன்றி நிற்கும். வழுவழுப்பான கல்லால் அதைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். உலகின் பல தேசங்களிலும் கையாளப்பட்ட இந்த முறையில் கோபுரம் ஒளி பெற்றது, வேலை செய்தவன் நரம்பு தளர்ந்து போனான். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களின் பெயரை எந்தக் கல்வெட்டும் பொறித்துவைக்கவில்லை என்பதை இங்கே சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

ஈயம் பூசுகிறவருடைய வித்தையும் இதே தத்துவத்தைச் சேர்ந்தது. தெரு முனையில் சிறு குழி தோண்டித் துருத்தி வைத்துக் கரியை மூட்டிப் பித்தளைத் தவலையைச் சுட வைத்தபின், ஒரு சிட்டிகை நவச்சாரத்தை உள்ளே தூவுவார். நெடி மிகுந்த வெண்புகை குப்பென்று கிளம்பும். அது அடங்குவதற்குள் ஈயக் குச்சியைத் தொட்டு, பஞ்சுச் சுருளால் ஒரு சுற்றுச் சுற்றினால், அதுவரை பழுப்பேறிக் கிடந்த பாத்திரத்தின் உட்புறம் முழுதும் வெள்ளி போலத் துலங்கும். பார்க்கும் சிறுவர்களுக்கு ஆச்சரியம் ஈயம் பரவுவதில் இருக்கும். வித்தையோ நவச்சாரத்தில் இருந்தது. ஆக்ஸைடுப் படலத்தைத் தின்று போக்குவது அதுதான். அது இல்லாவிட்டால் ஈயம் உருண்டை உருண்டையாகத் திரண்டு ஓடுமேயன்றி ஒட்டாது.

படலத்தைப் போக்கி ஒட்டுவது ஒரு வழி. படலத்தையே பிடித்துக்கொண்டு ஒட்டுவது இன்னொரு வழி. தாவரப் பசைகள் பெரும்பாலும் இரண்டாவது வழியைச் சேர்ந்தவை. இந்த இரு வழிகளையும் ஒரே மரத்தில் வைத்துக் காட்ட வேண்டுமானால் புளிய மரத்தைத்தான் காட்ட வேண்டும்.

சமயபுரத்தில் நேர்த்திக்கடன் செலுத்த வருகிறவர்கள் கண், கை, கால் முதலிய உறுப்புகளை அச்சில் அழுத்திய மெல்லிய வெள்ளித் தகடுகளை வாங்கி அம்மனுக்குக் காணிக்கையாக்குகிறார்கள். நகத்தால் அழுத்தினாலே மடங்கிவிடும் அந்த உருவத் தகடுகளையும், வீட்டிலுள்ள வெள்ளிச் சாமான்களையும் திருநீறு இட்டுத் துலக்குவதும், குத்துவிளக்கையும் செப்புக் குடத்தையும் புளி இட்டுத் துலக்குவதும் நம் இல்லங்களில் மாறாத வழக்கம். புளியின் சதையில் மிகுதியாக உள்ள டார்ட்டாரிக் அமிலம் மிகச் சிறிய மூலக்கூறு. அதன் இரு முனைகளிலும் கார்பாக்ஸில் தொகுதிகள் உண்டு, நடுவே ஹைட்ராக்ஸில் தொகுதிகள் உண்டு. இவை களிம்பிலுள்ள செம்பு அயனியை இரு பக்கமும் இடுக்கிப் பிடித்துக்கொண்டு, படலத்திலிருந்து பெயர்த்து, கழுவும் நீரோடு போய்விடுகின்றன. விளக்கு துலக்கிய நீரின் இலேசான பச்சை நிறம், அவ்வாறு பிடிபட்டுப் போகும் செம்பின் நிறமேயாகும். உலோகத்தைப் பற்றும் சக்தி ஒரு சிறு மூலக்கூறிடம் இருந்தால், அது பெரும்பாலும் உலோகத்தைப் பற்றி இழுத்துச் செல்லும் சக்தியாகவே முடிகிறது.

அதே பழத்தின் கொட்டையிலோ நேர்மாறான குணம். தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் ராஜு வகுப்பைச் சேர்ந்த சித்திரக்காரர்கள் வரைந்த, பொன் ரேக்கு பதித்த தெய்வப் படங்களைப் பார்த்திராத தமிழர் குறைவு. பலகையின்மேல் துணியை ஒட்டுவதற்கும், அதன்மேல் சுக்கான் பொடியைக் குழைத்துத் தளம் போடுவதற்கும், கிரீடமும் ஆரமும் புடைத்து எழும்படி மேடு எழுப்புவதற்கும் அவர்கள் கையாண்ட முக்கியமான பசைகளுள் ஒன்று புளியங்கொட்டைப் பசை. கொட்டையை வறுத்து மேல்தோலை நீக்கி, வெண்பருப்பை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டி, நீர் விட்டுக் கிளறிக் கிளறிக் காய்ச்சினால், கரண்டியிலிருந்து அறுபடாத கம்பியாக இறங்கும் பதம் வரும். அந்தப் பதம் தவறினால் தளம் வெடிக்கும், அல்லது பூச்சு உதிரும். மூச்சு விட்டாலே பறந்துவிடும் ரேக்கை, ஈரம் முற்றும் உலராத பசைமேல் படரவிட்டு, மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி, மேடு பள்ளங்களில் காற்று சிக்காதபடி படிய வைக்க வேண்டும்.

பொன் எந்தப் படலமும் அற்றது என்றால், இந்தப் பசையோடு அது எவ்வாறு ஒட்டுகிறது என்ற நியாயமான சந்தேகம் எழலாம். இரண்டு பொருள்கள் மிக மிக நெருங்கும்போது, வேறு எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும் அவற்றினிடையே ஒரு மெல்லிய கவர்ச்சி பிறக்கிறது. டச்சு விஞ்ஞானியான வாண்டர் வால்ஸின் பெயரால் அது வழங்குகிறது. தடித்த பொற்காசு எவ்வளவு நெருங்கினாலும் அதன் சொரசொரப்பு இடையே வெளியை விட்டுவிடும். ரேக்கு மிக மெல்லியது ஆகையால் பசையின் ஒவ்வொரு வளைவுக்கும் உடன்பட்டுப் படிந்து, பரப்பு முழுவதும் தொட்டுக்கொள்கிறது. பசை உலர்ந்து இறுகியதும் அந்த நெருக்கம் நிரந்தரமாகிறது. இதற்கு மாறான உதாரணத்தையும் இதே ஊரில் காணலாம்: பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிச் சித்திரக்காரர்கள் ஆங்கிலேயருக்கு விற்பதற்காக அப்பிரகத் தகடுகளின்மேல் ஜாதி ஜாதியான தொழிலாளரின் உருவங்களை வரைந்தார்கள், கண்ணாடி போல வழவழப்பான அந்தத் தகட்டில் வர்ணத்துக்குப் போதிய பிடிப்பில்லாமையால், அப்படங்கள் பலவற்றில் வர்ணம் செதில் செதிலாக உதிர்வது பொருட்காட்சிச்சாலைகளுக்கு ஓயாத தொல்லை.

புளியங்கொட்டையின் பருப்பில் என்ன இருக்கிறது என்பதை விஞ்ஞானிகள் நிதானமாகவே கண்டறிந்தார்கள். 1942-இல் கோஷ், கிருஷ்ணா என்ற இரண்டு இந்திய விஞ்ஞானிகள், தோல் நீக்கிய பருப்பில் 46 முதல் 48 சதவிகிதம் கூழ்போல் உறையும் பொருள் இருப்பதாக வெளியிட்டார்கள்; யுத்த காலத்து நெருக்கடியில் பஞ்சாலைகளுக்கும் சணல் ஆலைகளுக்கும் கஞ்சிப் பொருள் தட்டுப்பட்டபோது, அதுவரை குப்பையில் கொட்டிய கொட்டைக்கு விலை பிறந்தது. அந்தப் பொருளின் அமைப்பு மிக ரஸமானது. அதன் முதுகெலும்பு, பஞ்சிலும் மரத்திலும் உள்ள செல்லுலோஸின் முதுகெலும்பேதான்; குளுக்கோஸ் கண்ணிகள் அதே விதமாகக் கோத்து நீண்ட சங்கிலியாக அமைந்துள்ளன. ஆனால் செல்லுலோஸில் சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுகப் பின்னி நீரில் கரையாத நாராகிவிட, புளியங்கொட்டையில் ஒவ்வொரு சங்கிலியிலிருந்தும் ஸைலோஸ், காலக்டோஸ் என்ற சர்க்கரைகள் கிளை விட்டு, சங்கிலிகள் நெருங்கிப் பின்னுவதைத் தடுத்துவிடுகின்றன. அதனால்தான் அது வெந்நீரில் குழைந்து பசையாகிறது. செல்லுலோஸைத் திருத்தி அமைக்கும் வேலையை ரஸாயன சாலைகளுக்கு முன்பே புளிய மரம் செய்து முடித்திருந்தது என்று சொன்னால் அது அலங்காரமாகாது.

இந்த நெடுஞ்சங்கிலி ஓர் உலோகத்தின் ஆக்ஸைடுப் படலத்தைத் தொடும்போது, அதிலுள்ள ஆயிரக்கணக்கான ஹைட்ராக்ஸில் தொகுதிகள் படலத்திலுள்ள ஹைட்ராக்ஸில் தொகுதிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இணைகின்றன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு பிணைப்பும் பலவீனமானது; சிறிது வெப்பமோ சிறிது நீரோ அதை அறுத்துவிடும். ஆனால் சித்திரைத் தேரின் வடத்தில் நூற்றுக்கணக்கானோர் கை வைத்திருக்கும்போது, ஒருவர் கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வதனால் தேர் நின்றுவிடுவதில்லை அல்லவா? அவ்வாறே ஒரு பிணைப்பு விடும்போது மற்றவை தாங்குகின்றன. விட்டதும் அதே இடத்தில் மறுபடி பற்றிக்கொள்கிறது. எல்லாப் பிணைப்புகளும் ஒரே கணத்தில் அறுந்தாலன்றிச் சங்கிலி பெயர்வதில்லை. அப்படி ஒரே கணத்தில் அறுவது அபூர்வம். டார்ட்டாரிக் அமிலம் செம்பைப் பெயர்த்துக்கொண்டு போனதற்கும், பருப்பின் பசை அதன்மேலேயே கிடந்துவிட்டதற்கும் உள்ள வேற்றுமை, பெரும்பாலும் மூலக்கூறின் நீளத்தில்தான் இருக்கிறது.

மனிதன் தன் கையால் செல்லுலோஸைத் திருத்தத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பிரெஞ்சு ரஸாயனியான பாயென் 1838-இல் தாவரங்களின் சுவர்ப் பொருளைப் பிரித்தெடுத்து அறிவித்தார். 1846-இல் ஷோன்பைன் பஞ்சை நைட்ரிக் அமிலத்தால் திருத்தி வெடிபஞ்சு ஆக்கினார். நம் நாட்டில் நீலகிரியின் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கார்டைட் தொழிற்சாலைக்கு இந்த நைட்ரோ செல்லுலோஸே ஆதாரம். வெடிக்கும் அளவுக்கு நைட்ரேட் ஏற்றாமல் சற்றுக் குறைத்துத் திரவத்தில் கரைத்தால், அதுவே மோட்டார் வாகனங்களுக்கும் பித்தளைச் சாமான்களுக்கும் பூசும் வார்னிஷாகிவிடும். பீரங்கிக்கும் பூஜைமணிக்கும் ஒரே பஞ்சு உதவியது என்பது அந்த நூற்றாண்டின் வேடிக்கைகளில் ஒன்று.

ஆனால் உலோகத்தோடு உண்மையான உறவு கொள்வதற்கு ஏற்றதாக அமைந்தது, 1918-இல் ஜெர்மனியில் தோன்றிய கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ். மரக்கூழைக் காரத்தில் ஊறவைத்து, குளோரோ அசிட்டிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்தால், சங்கிலியில் ஆங்காங்கே கார்பாக்ஸில் தொகுதிகள் முளைக்கின்றன. புளியின் அமிலத்தில் நாம் கண்ட அதே தொகுதிகள் அவை. கொட்டையின் நீளமும் சதையின் பிடியும் ஒரே மூலக்கூறில் கூடிவிடுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கார்பாக்ஸில் தொகுதி ஹைட்ரஜன் பிணைப்போடு நின்றுவிடாமல், ஆக்ஸைடுப் படலத்திலுள்ள இரும்பு, அலுமினியம், செம்பு ஆகியவற்றின் அயனிகளைத் தன் இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களால் நேரே பற்றுகிறது. சில சமயம் ஒரே அயனியை இரண்டாலும், சில சமயம் அடுத்தடுத்த இரண்டு அயனிகளைப் பாலம்போல் இணைத்தும் பற்றுகிறது. எனினும் இந்தப் பிடி எந்த நிலையிலும் ஒரே தன்மையாக இருப்பதில்லை. கரைசலில் காரம் மிகுந்தால் படலமும் எதிர்மின் ஏற்றம் பெறுகிறது, கார்பாக்ஸில் தொகுதியும் எதிர்மின் ஏற்றத்தோடு நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அமிலம் சற்றுக் கூடினால் படலம் நேர்மின் ஏற்றம் பெற்று, பிடிப்பு வலுக்கும். காரநிலையிலும் சிறிது கால்சியம் இருந்தால் அது இடையில் நின்று இருவரையும் சேர்த்துவைக்கும்.  பொன்னின் விஷயத்தில் கார்பாக்ஸிலும் பயன்படாமற்போகவே, பிற்கால ரஸாயனிகள் செல்லுலோஸில் கந்தகம் கலந்த தயோல் தொகுதிகளை ஏற்றினார்கள். வெள்ளியைக் கறுக்கச் செய்யும் கந்தகந்தான் பொன்னைப் பற்றுவதற்கும் உகந்ததாயிற்று.

திருச்சிராப்பள்ளிப் பிரதேசம் இயந்திர யுகத்துக்குள் புகுந்தது ரயில்வேயின் வழியாக. நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றப்பட்ட ரயில்வே பணிமனை 1928-இல் வேலையைத் தொடங்கிற்று. நீராவி எஞ்சின்களின் காலத்தில் கொதிகலனின் உட்புறம் உப்புப் படிந்து பொருக்குத் தட்டுவது எங்கும் இருந்த வியாதி. அதைத் தடுக்கப் பல நாடுகளில் உருளைக்கிழங்கையும் துவர்ப்புள்ள மரப்பட்டைகளையும் தண்ணீரில் போட்டார்கள் என்று கேட்டால் இன்று நகைப்போம். ஆனால் மாவும் துவர்ப்பும் உப்புப் படிகங்களின் முகத்தில் ஒட்டிக்கொண்டு, அவை இரும்புச் சுவரில் இறுகாதபடி சேறாக்கிவிடும் என்பது உண்மையே. பின்னர் கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் அதே உத்தியோகத்தைச் சுத்தமாகச் செய்தது. அமிலத்தில் தோய்க்கும் எஃகைக் காக்கவும் திருத்திய செல்லுலோஸ்களைப் பரீட்சித்திருக்கிறார்கள். குளிர்ந்த அமிலத்தில் அவை நன்றாகக் காக்கின்றன, சூடு ஏறினால் பிடி தளர்கிறது. உலோக அரிப்பையும் ஆராயும் ஒரு பெரிய நிலையம் நம் பக்கத்தில் அமைந்தது: அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் 1948-இல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டி, 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது.

பொன்மலைக்குக் கிழக்கே திருவெறும்பூரில் 1960-களில் செக்கோஸ்லோவாக்கிய ஒத்துழைப்போடு பாரத மிகு மின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை எழுந்தபின், ஜில்லா முழுவதும் வெல்டிங் பட்டறைகள் முளைத்தன. 1975-இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சிக் கூடமும் தோன்றியது. வெல்டிங் ராடு என்று தொழிலாளர் சொல்லும் அந்தக் குச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தால், உள்ளே எஃகுக் கம்பி, வெளியே சாம்பல் நிறப் பூச்சு. பூச்சுக்குரிய தாதுப்பொடிகளை நீர்க்கண்ணாடி என்ற சோடியம் சிலிக்கேட் கரைசலோடு பிசைந்து, கம்பியைச் சுற்றிப் பிதுக்கும்போது, மாவு சீராக வழுகி வரவும், சுடுவதற்கு முன் கம்பியிலிருந்து உதிராமல் நிற்கவும் சிறிதளவு கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் சேர்க்கிறார்கள். கம்பியை அச்சில் இழுக்கும்போது அதன்மேல் சோப்புப் பொடி தடவியிருப்பார்கள். அந்தச் சோப்பைச் சுத்தமாகப் போக்காத கம்பியில் எவ்வளவு நல்ல பூச்சும் தளர்ந்து, வளைத்த மாத்திரத்தில் ஓடாகப் பெயர்ந்துவிடும். கோயில் விமானத்தின் செப்புத் தகட்டைப் புளியிட்டுத் துலக்கியவனுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றும் இராது.

இந்தக் குச்சிகளில் ஒரு ஜாதி, பூச்சிலேயே மரக்கூழைப் பெருமளவு தாங்கியது. நீண்ட குழாய்களை நின்ற நிலையில் இணைக்க அதைத்தான் விரும்புகிறார்கள். ஏனெனில் மின்வில்லின் சூட்டில் செல்லுலோஸ் எரிந்து எழுப்பும் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்ஸைடும் உருகிய எஃகைக் காற்றிலிருந்து மறைத்து, வில்லை ஆழமாகப் பாய்ச்சுகின்றன. மற்ற ஜாதிக் குச்சிகள் சிலவற்றில் ஈரம் தங்கினால் இணைப்பில் வெடிப்பு விழும் என்று அஞ்சி, 300 பாகைக்கு மேல் அடுப்பில் வாட்டி எடுத்தே பற்றவைப்பவரிடம் கொடுப்பார்கள். இந்தச் செல்லுலோஸ் குச்சிக்கோ, பூச்சில் ஓரளவு ஈரம் இருந்தால்தான் வில் ஒழுங்காக எரியும். ஆகவே பட்டறைகளில் அதை அடுப்பிலே வைப்பதில்லை, தகர டப்பாவை மூடியே வைத்துவிடுகிறார்கள்.